சமர்த்தாக வீட்டுக்குப் போய்த் தூங்கவும்

பதினான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள் டீச்சர். மாடியில் ஒரே அறை, பன்னிரண்டு நாற்காலி, அதில் இரண்டு ஆடும். மூன்றாம் நாள் பாடம் மட்டும் என்றைக்கும் மாறியதில்லை. எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதி உயிரை விடாதீர்கள், ஒரு தடவை எழுதி ஒரு பெயர் வையுங்கள், வேண்டும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் என்பாள். அதற்குத்தான் ஃபங்ஷன் என்று பெயர்.

உதாரணத்துக்குக் காய்ச்சல். பலகையில் எழுதுவாள்: உடம்புச் சூடு நூற்றுக்கு மேல் இருந்தால், டாக்டரைப் பார்க்கவும். இல்லாவிட்டால், சமர்த்தாக வீட்டுக்குப் போய்த் தூங்கவும். அந்த 'சமர்த்தாக' வகுப்பைச் சிரிக்கவைக்கச் சேர்த்தது. 'இல்லாவிட்டால்' என்பதற்குள் எத்தனையோ பேர் வந்து விழுவார்களே, அவர்களை அடுத்த வகுப்பில் பிரித்துக் காட்டலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். அடுத்த வகுப்பில் வேறு பாடம் வந்து நிற்கும். பாடம்தானே, யார் உயிர் போகப்போகிறது என்று விட்டுவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், சவரம் செய்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, தொட்டால் ஜில்லென்று இருந்தது. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் இருந்த நர்ஸ் சூடு பார்த்தாள். தொண்ணூற்றாறு. அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுத் திரையை இவள் பக்கம் திருப்பினாள்.

'சமர்த்தாக வீட்டுக்குப் போய்த் தூங்கவும்.'

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய வாசகம், அவளுடைய அசட்டு நகைச்சுவை! நெஞ்சுவலி என்று கெஞ்சிப் பார்த்தாள். டோக்கன் வராமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். நர்ஸ் பாவம், கையைப் பிசைந்தாள். பெஞ்சில் வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

டீச்சர் எட்டிக் கையை நீட்டி, தொண்ணூற்றாறை அழித்து நூற்று நாலு என்று தட்டினாள். டோக்கன் வந்தது. கதவு திறந்தது.

மாரடைப்புதான். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, ஆள் பிழைத்துவிட்டார் என்றார். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பொய் எண் தட்டியது யார் என்று கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளன் வந்தான். அவளிடம் படித்தவன்தான். பலகையில் இருப்பதைத் தப்போடு சேர்த்து எழுதிக்கொள்வான் என்பதால் அப்போதே வகுப்பில் அவனுக்கு ஈயடிச்சான் என்று பெயர்.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்ததுதான். ஒரு எழுத்துகூட மாத்தல. இப்ப ஒன்பது ஆஸ்பத்திரில இதையேதான் கூப்பிடுறோம்."

எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று வருஷமாம்.

"வீட்டுக்கு அனுப்பினீங்களே, அவங்கல்லாம் என்ன ஆனாங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தோமே டீச்சர். திரும்பி வந்தா, குணமாகலைன்னு பதிவாகும். இல்லாட்டி, குணமாயிட்டாங்கன்னு பதிவாகும்." பெருமையாகத்தான் சொன்னான். "பெரும்பாலும் யாருமே திரும்பி வரல."

வீட்டுக்காரர் சாய்ந்திருந்த பெஞ்சையே டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றாள்.