மிதி இல்லாத வாரியல்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி மக்கர் செய்தால், தறிக்காரர்கள் சாமியைக் கூப்பிடுவதற்கு முன்னால் குற்றாலநாதனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கும். தறிக்கூடத்து வாசலில் நின்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்பார். "மூணாவது தறியில பல்லு தேஞ்சிருக்கு வே" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊருக்குள் இதற்கு நல்ல மரியாதை உண்டு. வீட்டில் கிடையாது.

வீட்டைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்கென்று அவர் செய்த எதுவும் உருப்பட்டதில்லை. தையல் மிஷின் மோட்டாரை வைத்துத் தேங்காய் துருவி ஒன்று செய்தார். தேங்காய்ப்பூ முழுவதும் சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. மழை வந்தால் துணிக்கொடி தானாகவே உள்ளே வர ஒரு ஏற்பாடு செய்தார். கொடி உள்ளே வந்தது, துணி எல்லாம் வெளியே விழுந்தது. அன்றைக்கு அவர் மனைவி சிவசக்தி சேற்றில் கிடந்த ஆறு சேலைகளையும் பொறுக்கி எடுத்து, அவர் கையில் கொடுத்து, குழாயடியைக் காட்டினாள். அதோடு வீட்டு விஞ்ஞானத்துக்கு அவர் முழுக்குப் போட்டுவிட்டார்.

சிவசக்தி பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் ஆயா. பதினேழு வருஷமாக அந்த ஒற்றை அறையைக் கூட்டி, துடைத்து, சோறு பொங்கி, இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறாள். அந்தப் பிள்ளைகளில் யார் அழுதால் எதற்கு அழுகிறது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லுவாள். புருஷனுக்குத் தறி எப்படியோ, அப்படி அவளுக்குப் பிள்ளைகள்.

வைகாசியில் ஒருநாள் அங்கே வாரியலும் கையுமாகக் கூட்டிக்கொண்டிருக்கும்போது குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். திருநெல்வேலி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார். ஆறு வாரம் ஓய்வு. வைத்தியத்தில் சரியாகிவிடும், ஆனால் இனிமேல் குனிந்து கூட்டுவதும் கூடாது, குத்தவைத்துத் துடைப்பதும் கூடாது. மீறினால் ஆபரேஷன்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வலிக்கு அழாதவள், வரும் வழியில் பஸ்ஸில் அழுதாள்.

"கூட்டாத ஆயா எங்கயாச்சும் உண்டா? தபசு முடிஞ்சு போய் வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான்" என்றாள். கோவில் திருவிழாவான ஆடித் தபசு வரைக்கும் லீவு கிடைத்திருந்தது. அதற்குள் வேலைக்கு வர முடியுமா, முடியாதா என்று சொல்லியாக வேண்டும்.

குற்றாலநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ரிப்பேர் பார்க்கத்தான் தெரியும். ஊர் வந்து இறங்கும்போது, "ஏட்டி, நீ எழுதிக் குடுக்க வேண்டாம். நான் ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றார். அவ்வளவு அழுகையிலும் சிவசக்திக்குத் தேங்காய் துருவி ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

நீளக் குச்சி வைத்த வாரியலும் மாப்பும் கடையில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, வாங்கியும் வந்தார். பிள்ளைகள் சாப்பிட்ட இடத்தில் காய்ந்து ஒட்டிய பருக்கைக்கு முன்னால் அதெல்லாம் செல்லாது. அதைச் சுரண்டத்தான் வேண்டும். சத்துமாவு உருண்டை தரையில் மிதிபட்டால் இன்னும் மோசம். குட்டி நாற்காலிகளுக்கு அடியில் நீளக் குச்சி நுழையாது. ஒரு அறையைச் சுத்தம் செய்ய மூன்று சாமான்களை எடுத்து எடுத்து வைத்தால் அதற்கே நூறு தடவை குனிய வேண்டும்.

ஆகவே மூன்றையும் ஒன்றாக்க வேண்டும் என்று முடிவுகட்டி, லேத் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதன் தங்கப்பழத்திடம் போனார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு அலுமினியக் குழாய். அதற்குள் இன்னொரு குழாய், வேண்டுமானால் உள்ளே தள்ளிக் குட்டையாக்கிக்கொள்ளலாம். அடியில் மூன்று முகம் உள்ள ஒரு உருளை. ஒரு முகத்தில் பூவாரியல், ஒன்றில் சுரண்டும் தகடு, ஒன்றில் ஈரத்துணி. உருளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிதி. காலால் ஒரு மிதி மிதித்தால் உருளை டக்கென்று திரும்பி அடுத்த முகம் வரும்.

தங்கப்பழம் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரி வே. நீரு ஆயுசுல வாரியல் பிடிச்சிருக்கீரா?"

"நான் என்ன தறியில உக்காந்து நெய்துட்டா தறி ரிப்பேர் பாக்கேன்? அதெல்லாம் பாத்துக்கிடலாம். நீரு குழாய வெட்டும்."

அவர் தொழிலில் ஒரு கொள்கை வைத்திருந்தார். கைக்கு வேலை இருக்கும்போது காலைச் சும்மா விடக்கூடாது. தையல் மிஷினுக்கு மிதி உண்டு, சாணை பிடிப்பவனுக்கு மிதி உண்டு, வாரியலுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தங்கப்பழத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேருமே வீடு கூட்டாத ஆண்பிள்ளைகள்.

முதலில் செய்தது கடப்பாரை கனம் கனத்தது. அடுத்தது லேசாக இருந்தது, ஆனால் உருளை நிற்காமல் ராட்டினம் மாதிரி சுற்றியது. மூன்றாவது பிரமாதமாக அமைந்தது. ஆனந்தத்தில் அதே மாதிரி மூன்று செய்தார். மிதிகளுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். நான்கு வாரம் முடிந்து எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த சிவசக்தியிடம் ஒன்று. எதிர்வீட்டு முத்துமீனாளிடம் ஒன்று. பின்தெருவில் துணி தைக்கும் ஷிரின் பானுவிடம் ஒன்று. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்றார்.

ஒருவரும் குறை சொல்லவில்லை. "சூப்பரா இருக்கு அண்ணாச்சி" என்றாள் முத்துமீனாள். "கடையில போட்டு விக்கலாம் அண்ணே" என்றாள் ஷிரின் பானு. சிவசக்திகூட, "இந்தத் தடவ பரவாயில்ல" என்று சொல்லிவிட்டாள். அவள் வாயில் பரவாயில்லை என்று வருவது பட்டம் வாங்கின மாதிரி. ஒரு வாரம் குற்றாலநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தறிக்கூடங்களில் கேட்காதவர்களிடமும் அந்த உருளையைப் பற்றிப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்வீஸ் பார்க்கிறேன் என்று எண்ணெய் டப்பாவோடு கிளம்பினார். ஷிரின் பானு வீட்டில் சாமானைத் தலைகீழாகத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பூவாரியல் நன்றாகத் தேய்ந்திருந்தது. தகடும் துணியும் அவர் கொடுத்த கோலத்திலேயே இருந்தன. மிதியில் சிவப்புப் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. தேய்மானம் பார்த்தே முப்பது வருஷம் சோறு தின்றவரிடம் அது பொய் சொல்லுமா?

"ஏம்மா, இத மிதிக்கவே இல்லையா?"

ஷிரின் பானு நெளிந்தாள். "இல்லண்ணே... சிவசக்தி அக்காவுக்கு வாரியல மிதிச்சா பிடிக்காதுல்லா. அவுக வீட்டுல செஞ்சு குடுத்தது, நான் போட்டு மிதிச்சா நல்லாவா இருக்கும்? அதான் ஒரு பக்கத்த மட்டும் வச்சுக் கூட்டிக்கிட்டேன்."

குற்றாலநாதன் அங்கிருந்து தன் எதிர்வீட்டுக்கு ஓடினார். முத்துமீனாள் முதலில் மழுப்பினாள், பிறகு கொட்டிவிட்டாள்.

"ஒரு தடவ மிதிச்சேன் அண்ணாச்சி. மனசு கேக்கல. குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அடுத்த பக்கம் திருப்பணும்லா, மறுபடி மிதிச்சேன், மறுபடி குனிஞ்சேன். வீட்டக் கூட்டி முடிக்கதுக்குள்ள முப்பது தடவ தோப்புக்கரணம் போட்ட மாதிரி ஆயிட்டு. மறுநாளு எந்திரிக்க முடியல."

"இத ஏன் என்கிட்டச் சொல்லல?"

"வாரியல மிதிக்கக்கூடாதுன்னு ஒரு மனுசனுக்கு எடுத்தா சொல்லுவாக?"

அவள் சொன்னதும் சரிதான். வாரியல் லட்சுமி. காலில் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். சின்ன வயதில் வாரியலைத் தாண்டியதற்காக அவரே முதுகில் வாங்கியிருக்கிறார். ஐம்பது வருஷம் அதன் பக்கமே போகாமல் இருந்ததில் எல்லாம் மறந்துபோயிருந்தது.

தெருவைக் கடந்து தன் வீட்டுக்கு வந்தவர் ஜன்னலருகே நின்றார். உள்ளே சிவசக்தி கூட்டிக்கொண்டிருந்தாள். பூவாரியலால் நிமிர்ந்து நின்று அழகாகக் கூட்டினாள். ஒரு இடத்தில் எதுவோ ஒட்டியிருந்தது. தகடு வேண்டும். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, மிதியைக் கையால் அழுத்தினாள். உருளை டக்கென்று திரும்பியது. பிறகு அதே மாதிரி மெல்ல நிமிர்ந்தாள். சுரண்டி முடித்ததும் துணிக்காக மறுபடியும் குனிந்தாள்.

குனியக்கூடாது என்று செய்த சாமான் அவளைக் குனியவைத்துக்கொண்டிருந்தது. குற்றாலநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமும் வந்தது, அவர்மேலேயே.

உள்ளே போய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "என்னட்டி இது? இடுப்பு என்னத்துக்கு ஆகும்? மிதிக்கப் பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லக்கூடாதா?"

சிவசக்தி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மூணு வயசுப் பிள்ளைகளுக்கு, வாரியல மிதிக்காத, தொட்டுக் கும்பிடுன்னு தினமும் சொல்லிக் குடுக்கவ நான். அதுக முன்னால நானே நின்னு மிதிச்சா, அதுக என்னய ஒரு மாதிரி பாக்காதா? என்னால முடியாதுங்க." பிறகு, "நீங்க ஒரு வாரமா பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கீக. எப்படிச் சொல்ல?" என்றாள்.

அவர் ஸ்குரூடிரைவரை எடுத்து அந்தச் சிவப்பு மிதியைக் கழற்றினார். தபசுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தெரு ஒரு அதிசயத்தைப் பார்த்தது. தறி மெக்கானிக் குற்றாலநாதன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாதாரண வாரியலைப் பிடித்து வீட்டைக் கூட்டி, மாப்பால் துடைத்தார். முத்துமீனாள் வாசலுக்கு வந்து நின்று மூக்கில் விரல் வைத்தாள். செய்தி கேள்விப்பட்டு டீக்கடையிலிருந்து தங்கப்பழமே வந்துவிட்டார். "வே, முன்னால போய்க்கிட்டே துடைக்கீரு, பின்னால உம்ம கால் தடம் விழுது பாரும்" என்று அவர் சொன்ன பிறகுதான் குற்றாலநாதன் திரும்பிப் பார்த்தார். உள்ளே சிவசக்தி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று தினமும் கூட்டினார். கூட்டக் கூட்டத்தான் தெரிந்தது. தகட்டின் மூலை கூராக இருந்தால் தரையைக் கீறும். வாளி தரையில் இருந்தால் துணியைப் பிழியக் குனிய வேண்டும், ஒரு முக்காலியில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கூட்டிக் குவித்த குப்பையை அள்ளுவதற்குத்தான் ஆள் அடியோடு குனிகிறான். அதை அவர் படத்தில் போடவே இல்லை. ஒரு குப்பை முறத்துக்கு நீளக் கைப்பிடி பற்றவைத்தார்.

மிதி போய்விட்டது. அந்த இடத்துக்கு என்ன செய்வது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தார். நான்காம் நாள் தறிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது குறுக்கே ஒரு ஆடு ஓட, பிரேக்கை அழுத்தினார். அழுத்திய கையைப் பார்த்துக்கொண்டே நடுரோட்டில் நின்றார். பின்னால் வந்த மினிபஸ்காரன் வண்டை வண்டையாகத் திட்டியது அவர் காதில் விழவில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளின் பிரேக் பிடியும் ஒயரும் அலுமினியக் குழாய்க்கு இடம் மாறின. கையால் ஒரு பிடி பிடித்தால் போதும், உருளை திரும்பியது. சைக்கிளைக் கொஞ்ச நாள் காலை ஊன்றித்தான் நிறுத்தினார்.

தபசு முடிந்து, ரதவீதியில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை சிவசக்தி வேலைக்குப் போனாள். பின்னாலேயே போகக்கூடாது என்றுதான் குற்றாலநாதனும் நினைத்தார். ஆனால் பத்தரை மணிக்கு அங்கன்வாடி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். ஒவ்வொரு தடவை அவள் குனியும்போதும் ஒரு விரலை மடக்கவேண்டும் என்று திட்டம்.

பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன. ஆயாம்மா நிமிர்ந்து நின்று கூட்டினாள். டக். சுரண்டினாள். டக். துடைத்தாள். ஒவ்வொரு டக்குக்கும் இருபத்திரண்டு வாயும் 'டக்' என்றது. குழாயைக் குட்டையாக்கி, முக்காலியில் உட்கார்ந்துகொண்டு நாற்காலிகளுக்கு அடியில் விட்டாள். முறத்தில் குப்பை ஏறியது. கடைசியில் எல்லாவற்றையும் சுவரில் சாய்த்துவிட்டு, பிரேக் பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிய கை உடனே கீழே வரவில்லை.

குற்றாலநாதன் தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் விரிந்தபடியே இருந்தன.

"அங்கன யாரு, மரத்தடியில நின்னு எண்ணிக்கிட்டு இருக்கது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அசடு வழிய ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். "சும்மாத்தான் வந்தேன். வேற ஏதும் குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல" என்றாள் சிவசக்தி. அவள் கண் இன்னும் ஈரமாக இருந்தது, முகம் சிரித்தது. "இது இங்கனயே இருக்கட்டும், இங்கன நான் கூட்டிக்கிடுதேன். ஆனா வீட்ட இனிமே நீங்கதான் கூட்டணும். அந்த வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்தீகன்னு வச்சுக்கிடுங்க, நான் விட மாட்டேன்."

அன்றிலிருந்து அவர் வீட்டை அவர்தான் கூட்டுகிறார், பின்னால் நகர்ந்துகொண்டே துடைக்கிறார்.