குழு வருகிறதென்று கிணற்றை இறைத்தேன்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கீழ்ப்புறம் எங்கள் தோட்டம். ஷாப்புக் கழிவுநீர் ஊறிக் கிணறு கரித்துப்போய், கத்தரிச் செடியெல்லாம் கருகியது. நான்தான் மனு எழுதிப் போட்டேன். கழிவை எந்த அளவுக்கு மேல் வெளியே விடக்கூடாது என்று வரம்பு கட்ட, சர்க்கார் குழு ஒன்று சென்ற ஐப்பசியில் கிணறுகளைப் பார்க்க வந்தது.

பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று முதல் நாளே கமலையில் மாடு பூட்டிக் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டேன். இரவு நல்ல மழை. காலையில் அதிகாரி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானேய்யா இருக்கு?" என்று எழுதப் போனார். எழுதியிருந்தால் எங்கள் வெள்ளாமை போனது போனதுதான்.

என் மனைவி முன்னால் வந்துவிட்டாள். "ஐயா, நீங்க குடிச்சது மழத்தண்ணி! பொண்ணு பாக்க வாராகன்னு நெனச்சுட்டாரு போல, இந்த மனுசன் நேத்தே பழைய தண்ணியப் பூரா இறைச்சுக் கொட்டிட்டாரு!"

அதிகாரி சிரித்துவிட்டார். சில வாரம் கழித்துச் சொல்லாமல் வந்தார். வாயில் வைத்ததும் துப்பினார். அந்தத் தண்ணீரைத்தான் சீசாவில் அடைத்துக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் மாட்டு டாக்டர் வந்தால்கூட நான் தொழுவத்தைக் கூட்டுவதில்லை. கிடக்கிறபடியே காட்டிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.