தோணி ஓடும் மாதங்களின் ரத்த அழுத்தம்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையின் பழைய பதிவுகள் முழுவதையும் முதல் முறையாக மென்பொருளுக்குள் செலுத்தினேன்.

2. அது பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டு, சில வரிகளைச் சிவப்பில் ஒதுக்கி வைத்தது.

3. ஒதுக்கியதில் ஒரே ஓர் ஆணின் வரிகள் நிறைய இருந்தன. அவருடைய எடை ஒரு மாதத்தில் பதினெட்டு கிலோ குறைந்தது. சில மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. எல்லா வருடமும் இப்படி.

4. எடை குறையும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறியது.

5. ‘மாதவிடாய் நின்ற வயது’ என்ற கட்டத்தில் அவருக்கு நாற்பத்தேழு என்று இருந்தது.

6. நம்ப முடியாத வரிகளை மொத்தமாக நீக்க அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தப் போனேன்.

7. அழுத்தவில்லை.

அழுத்தாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தேநீர் வந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை என் வீட்டில் “ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது தவறும் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைப் பற்றித் தன் போக்கில் எழுதி வைக்கிறது. ஓரிடத்தில் ‘சுகர்’, இன்னோரிடத்தில் ‘சர்க்கரை’, வேறோரிடத்தில் ஆங்கிலச் சுருக்கம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பல மருத்துவமனைகளிடம் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால், எல்லாப் பதிவுகளும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஓர் எண், வருகைக்கு ஒரு வரி, அளவீட்டுக்கு ஒரு வரி, நோய்க்கு ஒரு குறியீடு. அப்படி மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். எங்கள் சிறிய மருத்துவமனையின் பதிவுகளை அதற்குள் கொண்டுபோவது என் வேலை. எனக்கு நோயாளிகளின் பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. எண்கள்தான்.

தேநீரோடு மாடி ஜன்னலில் நின்றேன். அங்கிருந்து பழைய துறைமுகம் தெரியும். ஒரு தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலத்தீவுக்குப் போவதாக இருக்கும். எங்கள் ஊரில் தோணி ஓட்டம் வருடம் முழுக்கக் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காற்றுக் காலத்தில் எல்லாவற்றையும் கட்டிப் போட்டுவிடுவார்கள். தோணிக்காரர்கள் வீட்டில் இருப்பதும் அப்போதுதான்.

கோப்பையை வைத்துவிட்டு அந்த ஆளின் மாதங்களைப் பார்த்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கனமான, அழுத்தம் சரியாக இருக்கிற ஒருவர். மற்ற மாதங்களில் மெலிந்த, அழுத்தம் கூடிய ஒருவர். எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழே புறநோயாளிப் பிரிவில் இருக்கும் நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அதே மேசை.

“சிஸ்டர், இந்த நம்பர்ல ஒருத்தர் வாரார். வருஷத்துல ஒம்பது மாசம் மெலிஞ்சு போயிருதார்.”

அவர் எண்ணைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

“ஏளா, அது அவரு பொண்டாட்டி.”

பிறகு சொன்னார். அந்த ஆள் தோணியில் மாலத்தீவுக்குப் போய்விடுவார். மாத்திரை வாங்க மனைவி வருவார், வாங்கியதை அடுத்துப் போகும் தோணியில் கொடுத்தனுப்புவார். அன்றைய ரத்த அழுத்தத்தைப் பதியாமல் மருந்துச் சீட்டை அச்சடிக்க எங்கள் கணினி விடாது. கடலில் இருப்பவருக்கு எப்படிப் பார்ப்பது?

“அதான் வந்தவளையே எடை மெஷின்ல ஏத்தி, கையில பட்டையச் சுத்திருவேன். சீட்டும் வந்துரும், அவளுக்கும் பாத்த மாதிரி ஆச்சு. அவ ஒருத்திக்கு மட்டுமா செய்தேன்? தோணிக்காரன் வீட்டுல பாதிப் பேரு இப்படித்தான்.”

“ஒரு ஆம்பளைக்கு மாதவிடாய் நின்ன வயசுலாம் போட்டிருக்கு.”

“கேட்டேன், சொன்னா, போட்டேன். மறைக்கலயே. குறிப்புல ஒவ்வொரு தடவையும் ‘மனைவி’ன்னு எழுதிருக்கேன். நீ பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. குறிப்புக் கட்டத்தை முதல் வாரமே மாற்றத்திலிருந்து விட்டுவிட்டேன். அதில் ஆட்களின் பெயர் வரலாம், ரகசியம் காக்க வேண்டும் என்ற நல்ல காரணம் இருந்தது. அந்த நல்ல காரணத்தோடு சிஸ்டர் எழுதிய உண்மையும் போய்விட்டது.

“கடைசி நாலு தடவையும் பிரஷர் ரொம்பக் கூடுதல் சிஸ்டர். டாக்டர் பாத்தாங்களா?”

அவர் திரையை மேலே நகர்த்தினார். சிரிப்பு நின்றது. இங்கே டாக்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஜனவரியில் புதிதாக வந்தவர், ஆளைப் பார்க்காமல் திரையில் இந்த அளவுகளை மட்டும் பார்த்து, அவருடைய மாத்திரையின் வீரியத்தை இரு மடங்காக்கியிருந்தார். டாக்டரின் திரையில் குறிப்புக் கட்டம் வருவதில்லை.

“நான் லீவுல இருந்த வாரம்,” என்றார் சிஸ்டர். “பொறவு சீட்டு தானா அடிச்சு வருது. நான் அத வாசிக்கல.”

ஆக, அழுத்தம் சரியாக உள்ள ஒருவர் கடலில் இரட்டை வீரியத்தில் மாத்திரை சாப்பிடுகிறார். அழுத்தம் ஏறிய ஒருவர் கரையில் எதுவுமே சாப்பிடவில்லை. நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தத் தடயம் அழிந்து, பதிவு மட்டும் ஆராய்ச்சிக்குச் சுத்தமாகப் போயிருக்கும்.

சிஸ்டர் போனை எடுத்தார். “அவ பேரு—”

“பேரு சொல்லாதீங்க சிஸ்டர். எனக்குத் தெரியக்கூடாது.”

“தெரிஞ்சா பேயா அடிக்கும்?”

“விதி.”

“அப்ப வெளிய போய் நில்லு.”

வெளியே போய் நின்றேன்.

மறுநாள் காலையே அந்தப் பெண் வந்தார். மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலிருந்து நடந்தே. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. புதிய பதிவு போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் இருக்கலாமா என்று அவரிடமே கேட்டேன்.

“ஏளா, இரு. நான் என்ன ராணுவ ரகசியமா சொல்லப் போறேன்?”

அழுத்தம் பார்த்தார்கள். நூற்றெண்பதுக்கு மேல் இருந்தது. தனிச் சீட்டு போட வேண்டும், தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் சிஸ்டர்.

“வேண்டாம் சிஸ்டர். சீட்டு போட்டா நானும் நோயாளி ஆயிருவேன். வீட்டுக்கு ஒரு ஆளு போதும்.”

“சீட்டு போடாட்டா நோயி போயிருமா?”

“எனக்கு ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கேன். ஷிஃப்டுக்கு நேரமாச்சு.” எழுந்தும்விட்டார்.

சிஸ்டர் அவருடைய கணவரின் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தன் தவறையும் சேர்த்துத்தான். அந்தப் பெண் நின்றபடியே கேட்டார்.

“அப்ப என் பிரஷருக்கு அவிய மாத்திரை திங்காவளா?”

சிஸ்டர் தலையசைத்தார்.

“போன்ல பேசும்போது எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுன்னாவ. கயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாவளாம். வெயிலுன்னுல்லா நெனச்சேன்.” பிறகு உட்கார்ந்தார். “கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குப் பதிலா அவிய செய்த ஒரே வேல இதான்.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு சீட்டு போடச் சொன்னார். நான் புதிய எண் ஒன்றை உருவாக்கினேன்.

டாக்டர் வந்து இருவருக்கும் எழுதித் தந்தார். மனைவிக்கு மாத்திரை தொடங்கியது. கணவருக்குப் பழைய அளவே போதும் என்றானது. அன்று தோணி மாலத்தீவுத் துறைமுகத்தில்தான் நின்றது. அந்தப் பெண் எங்கள் முன்னாலேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: “இன்னா பாருங்க, இனி அரை மாத்திரைதான். மீதி அரை என்னோடது. டாக்டர் சொல்லியாச்சு.” டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்ததால் யாரும் திருத்தவில்லை.

மாடிக்குத் திரும்பியதும் மூன்று காரியங்கள் செய்தேன். நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, குறிப்புக் கட்டத்தைப் படிக்க அனுமதி வாங்கினேன். அதில் ‘மனைவி’, ‘மகள்’, ‘அம்மா’ என்று வரும் அளவீடுகளை நோயாளியின் கணக்கிலிருந்து பிரித்து வேறோர் எண்ணில் வைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். அதே வீடு என்ற தொடர்பை மட்டும் விட்டு வைத்தேன். பெயர்கள் முன்போலவே மென்பொருளுக்குள் வராது. மூன்றாவதாக, அந்த நிரலை மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கு அனுப்பினேன்.

குழுவில் ஒருவர் நிரலில் எந்தத் தவறும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: நோயாளி அல்லாதவருக்கு எதற்காக அழுத்தம் பார்க்கிறார்கள்? கணினி கேட்பதால், நோயாளி கடலில் இருப்பதால், வந்தவரைச் சும்மா அனுப்ப எங்கள் சிஸ்டருக்கு மனமில்லாததால் என்று எழுதினேன். இரண்டு நாளில் வேறொரு நாட்டுக்காரர் அதன் கீழே எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் ஆண்கள் சுரங்கத்துக்குப் போய்விடுவார்களாம், மாத்திரைக்கு மனைவிகள் வருவார்களாம். தன் பதிவுகளையும் திரும்பப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அதைத் தமிழில் சொன்னபோது சிஸ்டர், “அங்கனயும் ஒரு சிஸ்டர் இருப்பா போல,” என்றார்.

இப்போது உள்ள நிலை இது. என் திருத்தம் இன்னும் மென்பொருளில் சேரவில்லை. கூடுதல் சோதனைகள் கேட்டிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். நிர்வாகம் மாற்றச் சொன்னதால், எங்கள் மருத்துவமனைக் கணினி இப்போது ‘வந்தவர் யார்’ என்று கேட்கிறது. டாக்டரின் திரையில் அது முதல் வரியில் தெரிகிறது. நோயாளி வராவிட்டால் அழுத்தம் போடாமலே சீட்டு அடிக்கிறது. ஆனால் சிஸ்டர் வந்தவருக்குப் பார்ப்பதை நிறுத்தவில்லை, அவரவர் எண்ணில் எழுதுகிறார். தோணிக்கார வீடுகளின் மற்ற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தத் தோணி திரும்பிவிட்டது. அந்த ஆளுக்கு இப்போது கிறுகிறுப்பு இல்லை. அவர் மனைவியின் அழுத்தம் கடந்த வியாழக்கிழமை நூற்று நாற்பத்தாறு. இன்னும் குறைய வேண்டும்.