காரம் என்றால் எந்தக் கேன்

இந்த மழைக்காலத்தில்தான் நடந்தது. கசார்வாடியில் எங்கள் பட்டறைக்கு எதிரே, தலைக்கு மேலே மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் மழை. மெட்ரோவை ஏன் சொல்கிறேன் என்றால், அது ஓட ஆரம்பித்த அன்றைக்கு யாரோ பட்டறை பட்டறையாகப் பேடா கொடுத்துக்கொண்டு போனார்கள். வாயில் போட்டேன். வெறும் இனிப்பு. ஏலக்காய் இல்லை, பால் வாசனை இல்லை. முந்தின வருஷத்துப் பெரிய காய்ச்சல் என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அன்றைக்குத்தான் உறுதியாயிற்று. அதுவரை வீட்டுச் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வயதில் எதை மோந்து பார்க்கப் போகிறாய் என்பார்கள். எனக்குப் படிப்பு இல்லை, மூக்குதான் இருந்தது. நான் கார்பெட் கழுவுகிறவன். பிறந்தது இந்த மராத்தி ஊரில்தான், பட்டாளத்துக் கேம்ப் பக்கம். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கிளப்பில் தரை துடைத்தார். அந்தக் கிளப் கார்பெட் நனைந்தால் ஆட்டு மந்தை மாதிரி வாடை அடிக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது கம்பளி, இது நைலான் என்று சொல்லிவிடுவேன். சரி, கிளப் கதை இப்போது வேண்டாம்.

கார்பெட்டுக்கு முதலில் சோப்பு போட்டு அழுக்கை இளக்குவோம். பிறகு அலசுகிற தண்ணீரைப் பாய்ச்சி, மிஷினால் உறிஞ்சி எடுப்போம். அலசுகிற தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது. அதில் கலக்க இரண்டு மருந்து உண்டு. ஒன்று வினிகர் மாதிரி புளிப்பு ஜாதி. இன்னொன்று சோடா உப்பு மாதிரி, சோப்பு ஜாதி. ஹோட்டல், எண்ணெய்ப் பிசுக்கு, நைலான் என்றால் சோப்பு ஜாதி. கம்பளி என்றால் புளிப்பு. மாற்றி ஊற்றினால் கம்பளியின் சாயம் கலங்கும், காய்ந்தபின் முரடாகிவிடும்.

இரண்டு மருந்தும் வருவது ஒரே மாதிரி வெள்ளைக் கேனில். முன்பு ஒன்றுக்காவது நீல மூடி இருந்தது. இப்போது அதுவும் வெள்ளை. கொண்டுவந்து போடுகிற ஆளிடம் கேட்டால், “மேலே எழுதியிருக்குல்ல அங்கிள், படிங்க” என்கிறான். எழுதியிருப்பது இங்கிலீஷில். எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. என் கூட்டாளிக்கு மராத்தி எழுத்து மட்டும் தெரியும்.

கூட்டாளி என் வயதுக்காரர், மராத்திக்காரர். நான் அவரைப் பாவ் என்பேன், அவர்கள் பாஷையில் அண்ணன். அவர் என்னை அண்ணா என்பார். என்னோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். எங்களுக்குள் ஒரு வார்த்தை இருந்தது. புளிப்புக் கேனைத் திறந்தால் மிளகாய் வறுக்கிற நெடி மாதிரி மூக்கில் ஏறும். அதனால் நான் அதைக் காரம் என்பேன். அவருக்கோ சோப்பு ஜாதிக் கேன்தான் ‘காரா’. அவர்கள் பாஷையில் உப்புத் தண்ணீர், சவுட்டுத் தண்ணீர் எல்லாமே காரா. நான் காரம் என்று புளிப்பைச் சொல்ல, அவர் காரா என்று சோப்பைச் சொல்ல, இத்தனை காலம் ஒரு சேதமும் வரவில்லை. அவர் எதைக் கலந்து கொண்டுவந்தாலும் நான் பக்கெட்டில் மூக்கை நீட்டுவேன். தப்பாக இருந்தால் கொட்டிவிட்டு வேறு கலக்கச் சொல்வேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கலப்பார். இரண்டு பேரும் வேறு வேறு கேனைச் சொல்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அந்த மழையில் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஒரு வேலை வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் கம்பளி வேலை. நான்காவது மாடி. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை. கூடத்தில் காஷ்மீர்க் கம்பளி கார்பெட், பாலாடை நிறம், ஓரத்தில் கொடி. நடுவில் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை.

“சாம்பாருங்களா?” என்றேன்.

“சாம்பாருதானுங்க தாத்தா. எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, சொல்லிக்குடுத்த சாம்பாரு.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “கார்பெட்டும் அவங்க குடுத்ததுதானுங்க. எங்க கல்யாணத்துக்கே வராதவங்க. இந்த வீட்டுக்குக் குடி வந்தப்பதான் மொதமொதல்ல வந்து, இதக் கையில குடுத்தாங்க. நாளைக்குக் காலைல வர்றாங்க. எப்படியாச்சும் எடுத்துருங்க தாத்தா.”

“கொஞ்சம் நெறம் நிக்கும்மா. மஞ்சளாச்சே. ஆனா உத்துப் பாத்தாதான் தெரியும், அந்த அளவுக்குக் கொண்டாந்துடறேன்.”

கம்பளிக்கென்று இருக்கிற சாதுவான சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். கறை பாதி மங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகம்கூடத் தெளிந்தது. பாவ் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குளியலறைப் பக்கம் திரும்பி, “பாவ், காரம்வாலா டாலோ” என்றேன். காரத்தை ஊற்று என்று அர்த்தம். அவர் பக்கெட்டைக் கொண்டுவந்தார். பழக்கத்தில் குனிந்து மோந்தேன். மோந்து என்ன? பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. கையுறை போட்டிருந்ததால் சோப்பு ஜாதியின் வழுவழுப்பும் தெரியவில்லை. மிஷினில் ஊற்றிப் பாய்ச்சினேன்.

கறை சிவந்தது. முதலில் ஓரம், பிறகு முழுதும். எங்கே மஞ்சள் இருந்ததென்றே தெரியாத இடத்திலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் திட்டு கிளம்பியது. ஆடு அறுத்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே ஆபீஸ் போன் பேசப் போயிருந்த அந்தப் பெண், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். “அய்யோ! என்னங்க தாத்தா இது! எங்க அத்தைக்கு இப்பவே ஆரத்தி கரைச்சுட்டீங்களா?”

ஆரத்தி. சர்ச்சுக்குப் போகிற எங்கள் வேதக்காரர் வீடுகளில் சுற்றுவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பாகும். சுண்ணாம்பு என்ன ஜாதி? சோப்பு ஜாதி. மிஷினை நிறுத்தினேன்.

“பாவ், எந்தக் கேன ஊத்தின?”

“நீதானே சொன்னே அண்ணா, காரா. நான் போட்டே காரா.”

“நான் காரம்னேன்யா!”

“அதான், காரா.”

“காரம்னா மூக்குல ஏறுறதுய்யா!”

“அது கட்டா, அண்ணா. புளிக்கிறது கட்டா. இத்தினி வருஷம் உனக்குத் தெரியாதா?”

“உனக்கு இன்னா தெரியும், தலகீழா சொல்லிக்கினு!”

“பக்கெட்ல மூக்க விட்டியே, அப்ப சொல்லக் கூடாதா?”

மூக்கு போன கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க! மொதல்ல இதப் பாருங்க!” என்று அந்தப் பெண் கத்தினாள். அழுதுகொண்டிருந்தாள்.

புளிப்பைக் கலந்து பாய்ச்சினோம். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. திரும்பியது, ஆனால் வந்த இடத்துக்குத் திரும்பவில்லை. தட்டு அளவு கறை, அலசின இடமெல்லாம் ஓடி, பாய் அளவுக்குப் பரவியிருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவும், நிறுத்திவிட்டோம். இதற்கு மேல் எந்தக் கேனிலும் மருந்து கிடையாது. வெயில்தான் மருந்து. மஞ்சள் எதற்கு மசியாவிட்டாலும் வெயிலுக்கு மசியும். பால்கனிக்கு வெளியே பார்த்தேன், எதிர் பில்டிங்கே தெரியாத மழை.

“ஒரு வாரம் வெயில் அடிச்சா போதும்மா” என்றேன்.

“எங்க அத்தை நாளைக்கு வர்றாங்க தாத்தா. வெயில் நாளைக்கு வருமா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பாவ் போனுக்கு அவளே கூப்பிட்டாளாம். அத்தை பார்த்துவிட்டாராம். கார்பெட்டைச் சுற்றி நடந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தாராம். “திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. இனிமே யாரும் வர வேண்டாம்” என்று வைத்துவிட்டாளாம். கார்பெட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டதாகவும் சொன்னாளாம்.

பட்டறையில் பாவ் இப்போது கேன் மேல் மராத்தியில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கென்று ஒரு கேனில் மட்டும் எலுமிச்சம்பழம் வரைந்திருக்கிறார். அது எலுமிச்சம்பழமா உருளைக்கிழங்கா என்று இன்றைக்கும் சண்டை. அது கிடக்கட்டும்.

எனக்கு ஆறாதது வேறு. மழை விட்டுவிட்டது. மண்டையைப் பிளக்கிற வெயில். இந்த வெயிலில் அந்த மஞ்சள் நிற்காது. அதைச் சொல்லலாம் என்று போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் கேட்டில் வாட்ச்மேன் போனில் என்னமோ அழுத்திவிட்டு, “மேடம் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க பாபா” என்கிறான். மூன்றாவது தடவை போனபோது நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். உள்ளே மட்டும் விடவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்களே, நீங்கள் அந்தப் பில்டிங்கில்தானே இருக்கிறீர்கள். லிப்டில் அவளைப் பார்த்தால் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து கார்பெட்டை எடுத்து, கறை மேலே தெரிகிற மாதிரி பால்கனியில் விரிக்கட்டும். மத்தியான வெயில் படவேண்டும். மஞ்சள் தானாக வெளுக்கும். அத்தை அடுத்த தடவை வருவதற்குள் போய்விடும். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்க மாட்டாள்.