எலுமிச்சம்பழம் நசுங்கிய தேர்தல்

1. சாவி

டிரைவர் யேசுவடியான் பஸ்ஸை ஓரங்கட்டி, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஐந்தருவி ரோட்டில் ஒரு பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல சாரல். வண்டிக்குள் ஆள்மேல் ஆள். அது போதாதென்று குற்றாலம் ஸ்டாண்டில் மானேஜர் நின்று டாப்பிலும் ஆள் ஏற்றிவிட்டிருந்தார். முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"மேல இருக்கவுக இறங்குத வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். நீ வேணும்னா தள்ளிட்டுப் போ" என்றார் என்னிடம். அந்த வண்டிக்கு நான்தான் கண்டக்டர். டாப்பில் இருந்தவர்கள் என்னைத்தான் ஏசினார்கள். என் வாய் சும்மா இருக்குமா, நானும் ஏசினேன். கடைசியில் அவர்கள் எல்லாரும் இறங்கி நடந்தார்கள்.

மறுநாள் எனக்கு மெமோ. அவருக்கு சஸ்பென்ஷன். ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசியில் ஷெட் வைத்து ஓடிய ஒரு தனியார் பஸ் கம்பெனி. சஸ்பெண்ட் ஆன டிரைவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்ததை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

2. காப்பி

எங்கள் சங்கத்துக்குத் தலைவர் மாடசாமி அண்ணாச்சி. அவரும் டிரைவர்தான். ஆள் ஆறடி, குரல் மட்டும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். கூட்டத்தில் பேசச் சொன்னால் மேடு பள்ளம் இல்லாத ரோட்டிலும் இரண்டாவது கியரில்தான் போவார். யேசுவடியான் விஷயத்தில் அவர் செய்ததாக எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினம் காலையில் டூட்டிக்கு முன்னால் மானேஜர் ரூம் வாசலில் போய் நிற்பார். பேச மாட்டார். கூப்பிட்டால் உள்ளே போவார், இல்லாவிட்டால் வண்டி எடுக்கப் போய்விடுவார். இப்படியே குற்றால சீசன் முடிந்தது. ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் என்கொயரி வைக்கிறேன் என்று மானேஜர் ஒரு வழியாகச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்றுதான் எங்கள் சங்கத் தேர்தலும். வருஷத்தில் எல்லா வண்டியும் ஒன்றாக ஷெட்டில் நிற்பது அந்தப் பகல் மட்டும்தான். பூஜை முடிந்து முதலாளியும் மானேஜரும் கிளம்பியதும் கூட்டம். தேர்தல் முடிந்த பிறகுதான் வண்டிகளை எடுத்து, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவோம்.

அந்த வருஷம் மாடசாமி அண்ணாச்சியை எதிர்த்து நின்றவர் செல்லத்துரை. சீனியர் கண்டக்டர். நல்ல மனுஷன், நெருப்பு மாதிரிப் பேச்சு. "இந்தத் தலைவர் மறுபடியும் வேணுமா?" என்பதுதான் ஒரு மாசமாக டீக்கடையிலும் ஷெட்டிலும் பேச்சு. ஒரே டிரிப்பில் போகிற டிரைவரும் கண்டக்டரும் முகம் பார்க்காமல் போனதெல்லாம் உண்டு. அண்ணாச்சி முதலாளி வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார் என்று யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னதும் பாதிப் பேர் செல்லத்துரை பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

செல்லத்துரை ஜெயித்தால் மறுநாளே ஸ்ட்ரைக். மானேஜரோ, "ஸ்ட்ரைக்னு ஒருத்தன் வாயைத் திறந்தாலும் என்கொயரி கிடையாது, அந்த டிரைவர் கதை முடிஞ்சுது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். யேசுவடியான் வீட்டில் அஞ்சு உயிர். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. கேட் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

3. புட்போர்டு

எங்கள் கூட்டத்துக்கு மேடை கிடையாது. நடுவில் நிற்கிற வண்டியின் பின்பக்க புட்போர்டில் ஏறி நின்று பேச வேண்டும், அதுதான் வழக்கம். தலைவர் அதே வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்பார். தன்னை என்ன சொன்னாலும் இடையில் எழுந்திருக்கக் கூடாது.

செல்லத்துரை ஏறினார். "சீசன்ல ஒருநாள் வண்டியை நிறுத்தியிருந்தா அன்னைக்குச் சாயங்காலமே யேசுவடியான் டூட்டில இருந்திருப்பாரு. நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தாதவரு என்னய்யா டிரைவரு?" என்றார். கைதட்டல் தகரக் கூரையில் இடித்தது. எனக்கே ஒரு நிமிஷம் சரிதானே என்று பட்டது.

அடுத்து நான் ஏறினேன். அண்ணாச்சிக்காகப் பேச வேறு ஒருத்தனும் முன்வரவில்லை. எழுதிக்கொண்டு போன பேச்சு எதுவும் கிடையாது. முன்னால் திரும்பி நேராகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, மொதலாளி வீட்ல காப்பி குடிச்சியளா?"

அவர் குரல் கேட்க வேண்டுமே என்று எல்லாரும் வண்டியை நெருங்கி வந்தார்கள்.

"குடிச்சேன்" என்றார், தலையைத் திருப்பாமல்.

"ஒரு தம்ளரா?"

"ரெண்டு. ஒண்ணு குடிச்சு முடிச்ச உடனே அவுக எந்திரிக்கப் பாத்தாக. யேசுவடியான் பேச்சை நான் இன்னும் எடுக்கல. அதான் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கினேன். சீனியே இல்ல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அந்தச் சந்தர்ப்பத்தை நான் விடவில்லை.

"சீசன்ல ஏன் நிறுத்தல?"

"குத்தாலத்துல குளிக்க வாரவுகளுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுதவுக, கடை போட்டவுக எல்லாருக்கும் அந்த ரெண்டு மாசம்தான் வருசச் சாப்பாடு. நாம வண்டியை நிறுத்தினா அவுக அடுப்பு அணைஞ்சிரும். அப்புறம் யாரு நமக்காகப் பேசுவா? இப்ப அவுகள்ல, டாப்புல ஆள் ஏத்துனதை ஸ்டாண்டுல கண்ணால பார்த்த ஒன்பது பேரு என்கொயரிக்கு வாரேன்னு சொல்லியிருக்காக."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோபமே வந்தது. "இதை முன்னாலேயே சொல்லித் தொலைச்சா என்ன அண்ணாச்சி?" என்று கத்தினேன்.

"சொன்னா ராத்திரிக்குள்ள மானேஜர் காதுக்குப் போயிரும்லா. என்கொயரி வரட்டும்னு இருந்தேன். நீ கேட்டுட்டே, சபைல பொய் சொல்ல முடியுமா?"

4. ரெண்டு மணி

பதில் சொல்லச் செல்லத்துரைக்கு உரிமை உண்டு. மறுபடி ஏறினார். முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும் பேச்சு வாடவில்லை. "சாட்சி நல்லதுதான். ஆனா அதுக்காக நாலு வருசம் இருந்தவரே இன்னமும் இருக்கணுமா? போதும்! இறங்கச் சொல்லுங்க! இறங்கணும், இறங்கணும், எல்லாரும் சொல்லுங்க, இறங்கணும்!" என்று முழங்கினார். முழங்கின வேகத்தில் அவர் இடது கை மேலே போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

டிங், டிங்.

ஒரு மணி என்றால் நிறுத்து. ரெண்டு மணி என்றால் எடு. இருபது வருஷமாகப் புட்போர்டில் நின்று "இறங்கு, இறங்கு" என்று சொல்லி முடித்ததும் அந்தக் கை செய்கிற வேலை அதுதான். வாய் தலைவரை இறக்கிக்கொண்டிருந்தது, கை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டது.

முன்னால் எஞ்சின் உறுமியது. வண்டி ஒரு முழம் நகர்ந்து, நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றாக நசுங்கின. செல்லத்துரை கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எல்லாரும் என்ன முழிக்குதிய? கண்டக்டர் ரைட் குடுத்தாரு, நான் எடுத்தேன்."

அன்றைக்கு அந்த ஷெட்டில் கிளம்பின சிரிப்பு காசி விசுவநாதர் கோயில் வரை கேட்டிருக்கும். அதிலும் முதலில் சிரித்தது செல்லத்துரைதான். புட்போர்டிலிருந்து குதித்து, தன் கழுத்தில் கிடந்த பூஜை மாலையைக் கழற்றி அண்ணாச்சி கழுத்தில் போட்டார். "என் கையே உமக்கு ஓட்டுப் போட்டுட்டுது, நான் என்ன செய்ய?" என்றார். அதற்குப் பிறகு கை தூக்கச் சொன்னபோது தூக்காத கையை நான் பார்க்கவில்லை. கேட் பக்கம் திரும்பினேன். யேசுவடியான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

5. ஐந்தருவி

விஷயம் மானேஜர் காதுக்குப் போயும் என்கொயரிக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். எண்ணெய்க் கறை வேட்டியோடு மானேஜர் மேஜையைச் சுற்றி நின்று ஆளுக்கு ஆள் சொன்னதை அவரால் மறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் யேசுவடியானுக்கு டூட்டி போட்டார்கள். டாப்பில் ஆள் ஏற்றக் கூடாது என்று ஸ்டாண்டில் போர்டும் தொங்கியது.

அதற்குப் பிறகு என் சர்வீஸில் எத்தனையோ சங்கத் தேர்தல் பார்த்துவிட்டேன். பதவியில் இருக்கிறவரை மறுபடி வைக்கலாமா என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்டால், அவர் எப்படிப் பேசுகிறார் என்று நான் பார்ப்பதில்லை. அவர் கூப்பிட்டால் நம் சங்கத்தில் இல்லாதவர்கள் எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வருவார்கள் என்று பாருங்கள் என்பேன்.

அடுத்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ஸ்டாண்டில் நின்றேன். ஐந்தருவி வண்டிக்கு யேசுவடியான் டிரைவர், செல்லத்துரை கண்டக்டர். ஒரு பெரிய கும்பல் டாப்பைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டே ஏணியில் ஏறியது. செல்லத்துரை ஏணியில் குறுக்கே நின்று, "இறங்கு, இறங்கு, அடுத்த வண்டில வா" என்றார். எல்லாரும் இறங்கினார்கள். அவர் புட்போர்டில் ஏறி, "ரைட், போலாம்" என்றார், கை மேலே போனது. டிங், டிங். இந்தத் தடவை வாயும் கையும் ஒன்றையே சொல்லின.