வெள்ளிக்கிழமை விரல்

கிண்ணியாவில் இறால் வாங்கி, ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர் என் உம்மா. ஓடர்கள் எல்லாம் அவருடைய லினக்ஸ் லப்டொப்பில். ஆட்கள் சுற்றி நிற்கும்போது கடவுச்சொல் அடிக்க அவருக்குப் பிடிக்காது. அதனால் வேலையில்லாத ஒரு வெள்ளிக்கிழமை லப்டொப்பின் கைரேகை வாசிப்பானில் அவருடைய சுட்டுவிரலைப் பதிந்து கொடுத்தேன். தொட்டதும் லப்டொப் திறந்தது, கடவுச்சொற்களைச் சேமித்திருந்த பெட்டகமும் திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கரையோரத்து இறால் வாடிக் கொட்டிலில், லொறி புறப்படும் நேரத்தில் ஓடர் பார்க்க உம்மா விரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தும் திறக்கவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ட கைய இதுக்குத் தெரியல்ல மகள்," என்றார் மெதுவாக.

அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறித் தோல் சுருங்கி, ரேகையே வேறாகக் கிடந்தது. ஓய்வெடுத்த விரலைத்தான் நான் பதிந்திருக்கிறேன்.

கடவுச்சொல்லை நானே அடித்து லொறியை அனுப்பினேன். கை கழுவப் போன உம்மாவை மறித்தேன்.

"கழுவாதீங்க உம்மா. தொடச்சிட்டு அப்படியே வைங்க."

முதல் பதிவு அழியாமல் இருக்க, அதே விரலை நடுவிரல் என்று பெயர் கொடுத்து இன்னொரு தடவை பதிந்தேன். உடனே திறந்தது.

இப்போதெல்லாம் ஆட்கள் கூடி நிற்கும் நேரம் பார்த்துத்தான் உம்மா விரலை வைக்கிறார். நானும் அந்த நேரம் பார்த்துத்தான் வாடிக்குப் போகிறேன்.