கெட்டிமேளம் கேட்காத முகூர்த்தம்

அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது அம்மை பின்கட்டு அறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். காசம். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மூட்டுவாதம், எழுந்து நடக்க முடியாது என்று சொல்லிவைத்திருந்தோம். பொய்தான். அந்த இருமல் அவர்கள் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுபோகும். பிறகு அக்காவை யார் கட்டுவார்கள்?

அம்மை அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நல்ல மேளமாப் பாத்துப் பிடியுங்கோ. முகூர்த்தம் வரை எப்பிடியும் இருமலை அடக்கிக்கிடுவேன். தாலி கெட்டும்போ கெட்டிமேளம் முழங்கும்லா, அப்பம் இருமிக்கிடுகேன். ஒருத்தருக்கும் கேக்காது."

கெட்டிமேளம் கொட்டுவதே அதற்குத்தானே. தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக்கூடாது. பெண்கள் போடும் குரவை காலையிலிருந்தே நினைத்தபோதெல்லாம் எழும். கெட்டிமேளம் தாலிக்குத்தான்.

அப்பா சுசீந்திரம் பக்கம் போய்ப் பேர்போன ஒரு மேளத்தை விசாரித்தார். இரண்டு நாயனம், இரண்டு தவில். அவர்கள் கேட்ட தொகைக்கு எங்களிடம் வழியில்லை. அம்மையின் வைத்தியத்துக்கே வயல் ஒற்றிக்குப் போயிருந்தது. கொட்டாரத்தில் மலிவாக ஒரு மேளம் உண்டென்றார்கள். அப்பா வேறொரு கல்யாண வீட்டில் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்.

"நாயனமா அது? சளி பிடிச்ச எருமை மாதிரில்லா கத்துகு" என்றார்.

என் அப்பாவிடம் காசு இல்லாவிட்டாலும் காது இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருஷங்களில்தான் நாகர்கோவிலில் பாட்டுப்பெட்டியை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார்கள். சாவி கொடுத்து, பிளேட்டின் மேல் ஊசியை வைத்தால் பித்தளைக் குழாய் வழியாகப் பாடும். கடைக்காரர் தன் சின்ன அறையில் ஒரு பெரிய வித்துவானின் நாயனப் பிளேட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அப்பா அங்கேயே அச்சாரம் கொடுத்துவிட்டார்.

"தஞ்சாவூர் வித்துவான்லா நம்ம வீட்டுக்கு வாறாரு!" என்று அம்மையின் கட்டிலருகே வந்து நின்று சொன்னார். "கொட்டாரத்துக்காரனுக்குக் குடுக்கதுல பாதிதான். நீ படுத்துக்கிட்டே கேக்கலாம்."

"சத்தம் போதுமா?" என்று கேட்டாள் அம்மை.

"கடையே அதிருது."

மேளமில்லாமல் ஒரு கல்யாணமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டவுனில் இப்போது இதுதான் நாகரிகம் என்று சொல்லி அப்பா அவர்கள் வாயை அடைத்தார். அவர் அம்மைக்காகத்தான் இத்தனையும் செய்தார் என்பதை இன்றும் யாரிடமும் சண்டை போட்டுச் சொல்வேன்.

கல்யாணத்தன்று பந்தலில் ஊரே கூடியிருந்தது. கடையின் நாலு சுவருக்குள் அதிர்ந்த பெட்டி, திறந்த பந்தலில் கொசு மாதிரி ரீங்கரித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. முகூர்த்த நேரம் வந்ததும் சாஸ்திரிகள் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். தவில்காரர் என்றால் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டிக்குக் கண் ஏது? வித்துவான் பாட்டுக்கு ராகத்தை மெள்ள இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் பதறிப்போய் பிளேட்டை மாற்றக் கையை வைத்தார். இருந்த சத்தமும் நின்றது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். பந்தல் அப்படியே அமைதியாயிற்று. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்கட்டிலிருந்து எந்த நொடியும் அந்த இருமல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. மேளம் எழட்டும் என்று காத்திருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் அரைகுறையாகக் குரவை போட்டார்கள். தாலி கழுத்தில் ஏறிவிட்டது.

அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பாத்தியா மக்கா, ஒரு சத்தம் கேக்கல்ல. நம்ம ஆண்டவன் கைவிடல்ல" என்றார். அப்படிச் சந்தோஷமாக அவரை அந்த வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

அக்காவையும் மாப்பிள்ளையையும் சுற்றிக் கூட்டம். மாலை மாற்றி, ஆசீர்வாதம் வாங்கி, முதல் பந்திக்கு இலை போட்டபிறகுதான் எனக்கு உள்ளே போக வழி கிடைத்தது. அப்பாவும் என் பின்னாலேயே வந்தார். அம்மையிடம் அவரே சொல்ல வேண்டுமாம்.

அம்மை சுவர்ப்பக்கம் சுருண்டு கிடந்தாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் கறுத்து, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும், இன்னும் எவ்வளவு நேரம் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"அம்மை, தாலி கெட்டியாச்சு. எப்பமோ கெட்டியாச்சு" என்று நான் அவள் கையைப் பிடித்து விலக்கினேன். வெளியே வந்த முந்தானை முழுக்க ரத்தம்.

அவள் என்னை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள். மூச்சு கிடைத்ததும் அவரிடம்தான் கேட்டாள்.

"கெட்டிமேளம் இன்னும் கேக்கல்லியே?"